ஏழைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டாம்

சிறுகதைப் போட்டிகளின் நடுவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி மலர்ப் போட்டி, அறக்கட்டளைப் போட்டி, மறைந்த எழுத்தாளர்களின் நினைவுப் போட்டி என்று வருஷம் முழுக்க யாராவது சிறுகதைக்குப் பரிசு அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள். கட்டுக்கட்டாக வரும் கதைகளைப் படித்து, அதில் மூன்றையோ ஐந்தையோ எடுத்துக் கொடுக்கிறவர்கள் நீங்கள். சுலபமான வேலை இல்லை என்று தெரியும். ஓய்வு பெற்ற பிறகு, பரிசுக் கதைத் தொகுப்பு எது கையில் கிடைத்தாலும் நான் விடுவதில்லை. அப்படிப் படித்ததில் சேர்ந்த ஒரு மனக்குறையை எழுதுகிறேன்.

உங்கள் கையால் பரிசு வாங்கும் கதைகளில் ஏழைகள் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள்.

ஆட்டோ ஓட்டுபவர், வண்டியில் யாரோ விட்டுப்போன பணப்பையைத் தேடிவந்து கொடுக்கிறார். வீட்டு வேலை செய்யும் அம்மாள் மேல் திருட்டுப் பழி விழுகிறது. தொலைந்த வளையல் சோபா இடுக்கில் கிடைக்கிறது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறுகிறார். பூ விற்கும் பாட்டி மீதிச் சில்லறையைக் கொடுக்கத் தெருமுனை வரை ஓடிவருகிறாள். காரில் வருபவர் தவறாமல் கடைசிப் பத்தியில் தலைகுனிகிறார். தலைப்பு மட்டும்தான் மாறுகிறது.

இப்படிப்பட்ட மனிதர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. பையைத் திருப்பிக் கொடுத்த ஆட்டோக்காரருக்குக் காவல் அதிகாரி சால்வை போர்த்தும் படம் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. செய்திக்கு அது போதும். கதை என்றால், பையைப் பார்த்த நிமிஷத்திலிருந்து திருப்பிக் கொடுத்த நிமிஷம் வரை அவர் மனசில் ஓடிய கணக்கு எனக்கு வேண்டும். வண்டிக்கு எத்தனை டியூ பாக்கி, பைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கிப்போவதாகச் சொன்ன தேதி எது, பையில் இருந்த பணம் அந்தப் பாக்கியைவிடக் கூடவா குறைவா? இது எதுவும் தெரியாமல் அவருடைய நேர்மையை நான் எப்படி மதிப்பது?

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் பல வருஷம் எழுத்தராக இருந்தவன். மதிப்பீட்டாளர் நகையை உரசிப் பார்ப்பார்; நான் பேரேட்டில் எழுதுவேன். அங்கே வருகிறவர்கள் நாங்கள் கேட்காமலே காரணம் சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைக்கு ஃபீஸ், உரம் வாங்க வேண்டும். மகனுக்கு பைக் வாங்க என்றோ, நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் மொய் குறைந்து தெரியக் கூடாது என்றோ ஒருவர்கூடச் சொன்னதில்லை. மாதச் சம்பளக்காரர்கள் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, நகையைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்துவருவார்கள். எங்களிடம் குறைந்த வட்டிக்கு வைத்து, அந்தப் பணத்தை வெளியே மூன்று ரூபாய் வட்டிக்கு விடுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றும் மிராசுதாரர்கள் இல்லை, ஓட்டுவீட்டுக்காரர்கள்தான். ஜூன் மாதம் அடகுக்கு வந்து அறுப்பு முடிந்ததும் மீண்டுபோகும் ஒரு சங்கிலி இருந்தது. "இது என் கழுத்துல இருந்ததைவிட உங்க பெட்டியில இருந்ததுதான் சார் ஜாஸ்தி" என்று அதன் சொந்தக்காரம்மா சிரிப்பார். மழை பொய்த்த ஒரு வருஷம் மீட்க முடியாமல் போய், ஏல நோட்டீஸ் கைக்குக் கிடைத்த அன்று வந்து, எங்கள் வம்சத்தையே இழுத்துத் திட்டியவரும் அவர்தான். இரண்டு நாளும் அவர் நல்ல மனுஷிதான். கையில் இருந்த காசு மட்டும் வேறு.

2021 தேர்தல் சமயத்தில் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி பற்றிய பேச்சு வந்தது. பின்னால் ஐந்து பவுன் வரை என்று, நிபந்தனைகளோடு, தள்ளுபடியும் வந்தது. இடைப்பட்ட நாளில் மனிதர்கள் என்னென்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அக்கா நகையை இரவல் வாங்கித் தன் பேரில் வைத்தவர் இருக்கலாம். தகுதிப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும், அக்காவுக்கு என்ன பதில் சொல்வது, ஏறிய வட்டியை யார் கட்டுவது? வசதியானவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நிற்க, ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்திருப்பார்கள். ஒரு நாவலுக்கே இடம் இருக்கிறது. பரிசுக் கதை ஒன்றில்கூட நான் இதைப் படித்ததில்லை.

வறுமை குணத்தை என்ன செய்யும் என்பதில் நம் பழைய புலவர்களுக்கு மயக்கம் இருந்ததில்லை. மணிமேகலை பசியைப் 'பாவி' என்றே திட்டுகிறது. குடிப்பிறப்பை அழிக்கும், பிடித்திருந்த கல்வியை நழுவவிடும், நாணத்தைக் களையும், மனைவியோடு அடுத்தவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறது. "இற்பிறந்தார் கண்ணேயும் இன்மை இளிவந்த சொற்பிறக்கும் சோர்வு தரும்" என்கிறார் வள்ளுவர். நல்ல குடியில் பிறந்தவர் வாயிலும் கீழான சொல் பிறந்துவிடும் என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். அதே வறுமைக்குள் நின்று, அதியமான் தன்னை நேரில் பாராமல் கொடுத்தனுப்பிய பரிசை, "வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று மறுத்த பெருஞ்சித்திரனாரும் புறநானூற்றில் இருக்கிறார். வீட்டில் பிள்ளை பசியால் அழுவதை இன்னொரு பாட்டில் பாடியவர் இவர். பரிசை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவரை அவர் மனைவி எப்படி வரவேற்றிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தப் பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை.

பணமும் குணமும் பின்னிக் கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால், 1866இல் வெளிவந்த தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் முதல் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். கதாநாயகன் ரஸ்கோல்னிகோவ் அப்பாவின் பழைய வெள்ளிப் பைக்கடிகாரத்தை, சங்கிலியோடு, அடகுக்காரக் கிழவியிடம் கொண்டுபோகிறான். நான்கு ரூபிள் கேட்கிறான். ஒன்றரைதான் தர முடியும் என்கிறாள். ரூபிளுக்கு மாதம் பத்து கோபெக் வட்டி; நூறு கோபெக் ஒரு ரூபிள். நம் ஊர்ப் பேச்சில் பத்து ரூபாய் வட்டி. முன்வட்டியாகப் பதினைந்து கோபெக் பிடித்துக்கொள்கிறாள். ஏற்கெனவே வாங்கிய இரண்டு ரூபிளுக்கு இருபது கோபெக். கழித்தது போக அவன் கையில் விழுவது ஒரு ரூபிள் பதினைந்து கோபெக். இந்தக் கழித்தலை ஆசிரியர் ஒரு காசு விடாமல் எழுதியிருக்கிறார். நான் பேரேடு எழுதியவன் என்பதால் முதலில் படித்தபோது பேனாவை எடுத்துச் சரிபார்த்தேன். கணக்கு சரி. அந்தக் கிழவியை அவன் ஏன் வெறுக்கிறான் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த அத்தியாயத்தில் வருகிற மர்மெலதோவ் இன்னும் அசல். குடிகாரர். திரும்பக் கிடைத்த வேலையின் சம்பளத்தைப் பெட்டியிலிருந்து தானே திருடிக் குடித்தவர். தெருவுக்குப் போய்ச் சம்பாதிக்கும் மகள் சோனியாவிடம் போய், அவளிடம் மிச்சமிருந்த முப்பது கோபெக்கையும் வாங்கிக் குடித்தவர். மகள் மேல் அவருக்கு இருக்கும் பாசத்திலும் பொய் இல்லை. அவரை வீட்டில் கொண்டுவந்து விடும் ரஸ்கோல்னிகோவ், அந்தக் குடும்பத்தின் நிலையைப் பார்த்து, பையில் இருந்த சில்லறையை யாருக்கும் தெரியாமல் ஜன்னலில் வைத்துவிட்டு வருகிறான். படியில் இறங்கும்போதே மனசு மாறுகிறது: என்ன முட்டாள்தனம், அவர்களுக்குச் சோனியா இருக்கிறாள், எனக்கல்லவா அது வேண்டும்! ஒரு மாடிப்படிக்குள் தர்மம், வருத்தம், ஒரு பெண்ணைப் பற்றிய கேவலமான நினைப்பு மூன்றும் வந்துபோகின்றன. இந்தக் கதை உங்கள் போட்டிக்கு வந்திருந்தால், "நாயகனின் குணச்சித்திரத்தில் முரண்பாடு" என்று ஓரத்தில் குறித்து ஒதுக்கியிருப்பீர்களோ என்று பயப்படுகிறேன்.

அந்த அடகுக்காரக் கிழவியைக் கொன்று எடுத்த பர்ஸை ரஸ்கோல்னிகோவ் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு கல்லுக்கு அடியில் போட்டுவிடுகிறான். அதில் 317 ரூபிள் 60 கோபெக் இருந்தது விசாரணையில்தான் தெரிகிறது. பணத்துக்காகக் கொன்றவன் பணத்தை எண்ணாமல் விட்டதை நீதிமன்றத்தில் முதலில் நம்ப மறுக்கிறார்கள். தொகையைக் கடைசிக் காசு வரை சொன்னதால்தான் அந்த இடம் இப்படித் தைக்கிறது. எழுதியவருக்கும் காசின் அருமை தெரியும். அதே 1866இல், நவம்பர் முதல் தேதிக்குள் ஒரு நாவல் கொடுக்காவிட்டால் ஒன்பது வருஷத்துக்குத் தன் எழுத்தின் உரிமை முழுக்கப் பதிப்பாளருக்குப் போய்விடும் என்ற ஒப்பந்தத்தில் மாட்டி, சுருக்கெழுத்துப் பெண் ஒருவரை வைத்து 26 நாளில் இன்னொரு நாவலைச் சொல்லி முடித்தவர் அவர். அது சூதாட்டத்தைப் பற்றியது; அவரும் சூதாடிதான்.

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் கடைசிக் காலத்தில் எழுதிய 'கஃபன்' கதையை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். குடிசைக்குள் மருமகள் பிரசவ வேதனையில் கதறுகிறாள். வெளியே மாமனார் கீசுவும் கணவன் மாதவும் அடுத்தவர் வயலில் தோண்டி எடுத்த உருளைக்கிழங்கைச் சுட்டுத் தின்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்க மாதவுக்குத் தயக்கம். போனால் அப்பா கிழங்கில் பெரும்பங்கைத் தின்றுவிடுவார். அவள் செத்த பிறகு பிணத்துக்குப் போர்த்தத் துணி வாங்க ஊரில் வசூலிக்கிறார்கள். ஜமீன்தார் எரிச்சலோடு போட்ட இரண்டு ரூபாயையும் சேர்த்து ஐந்து ரூபாய் தேறுகிறது. அதைச் சாராயக்கடையில் குடித்துத் தீர்க்கிறார்கள். வயிறு நிறைந்ததும் மீந்த பூரியைப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்து, கொடுக்கும் சுகத்தை வாழ்க்கையில் முதல்முறையாக மாதவ் அனுபவிக்கிறான். அந்தப் பூரி இருக்கிறதே, அது மகா எழுத்தாளனின் கை. இரக்கம் என்ற குணம்கூட வயிறு நிறைந்த பிறகுதான் அவனுக்கு வாய்க்கிறது.

இந்தக் கதைக்குத் தலித் விமர்சகர்களிடமிருந்து கடுமையான எதிர்ப்பு உண்டு. ஒரு சாதியின் பெயரைச் சொல்லி அந்த மக்களை இப்படிச் சோம்பேறிகளாகவும் மனசாட்சி இல்லாதவர்களாகவும் காட்டலாமா என்று கேட்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. ஏழையின் குறையை எழுதும்போது, அது அவன் சாதியின் குணம் என்று படிக்கக் காத்திருக்கும் வாசகர்கள் நம் ஊரிலும் நிறைய. நீங்கள் நல்ல ஏழைகளுக்கே பரிசு கொடுப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணமாக இருக்கலாம். இருந்தால் அதை மதிக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து எல்லோருக்கும் வெள்ளையடிப்பது இல்லை. பிரேம்சந்தே கதைக்குள் ஒரு கணக்கைச் சொல்கிறார்: ராப்பகலாக உழைக்கிறவர்களின் நிலைமையும் இவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. அந்தக் கணக்கை இன்னும் விரித்திருந்தால், யார் கூலியை யார் பிடித்துக்கொண்டார்கள் என்று காட்டியிருந்தால், பழி போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன். குறையை மறைத்தால் அந்தச் சுரண்டலும் கூடவே மறைந்துபோகிறது.

நல்ல ஏழையை எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். எழுதலாம், கு. அழகிரிசாமி 'ராஜா வந்திருக்கிறா'ரில் எழுதியதுபோல. தீபாவளிக்கு முந்தைய இரவு உடம்பெல்லாம் புண்ணோடு வந்து சேரும் அநாதைப் பையனைத் தாயம்மாள் சேர்த்துக்கொள்கிறாள். அவள் இல்லாதவள். வாங்கி வைத்திருக்கும் புதுத்துணி எண்ணி வாங்கியது. அதில் ஒன்றைக் கொடுக்க வேண்டி வரும்போது தடுமாறுகிறாள். தன்னைச் சோதிக்கவே அவன் வந்திருப்பதாக நினைக்கிறாள். அந்தத் தடுமாற்றத்தை எழுதியதால்தான் அவள் கொடுத்ததை நாம் நம்புகிறோம். பணக்கார வீட்டுப் பையனுக்கும் இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் நடக்கும் பெருமைப் போட்டியும் கதையில் உண்டு. பிள்ளைகள் கொஞ்சமும் அடக்கமாக இல்லை.

புதுமைப்பித்தன் இந்த விஷயத்தில் கூச்சமே இல்லாதவர். 'பொன்னகரம்' 1934இல் வந்தது. அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால்கஞ்சி கொடுக்க அம்மாளு இருட்டில் ஒருவனோடு ஒதுங்கி முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். அந்த முக்கால் ரூபாயை எடுத்துவிட்டால் கதை வெறும் பிரசங்கம். 'ஒரு நாள் கழிந்தது' இன்னும் நுட்பமானது. எழுத்தாளர் முருகதாசர் வீட்டுக்கு வந்த நண்பரிடம் மூன்று ரூபாய் கடன் கேட்கிறார், கிடைப்பது எட்டணா. திங்கட்கிழமை திருப்பித் தருவதாக வாக்கு. திங்கட்கிழமைக்கு என்ன செய்வது என்று அவர் இழுக்க, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் மனைவி கமலம். அவளைக் கெட்டவள் என்று யாராவது சொல்வோமா? பொய் அந்த வீட்டின் மளிகைச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

பணத்தாசையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பரிசுக் கதைகளில் பணத்தாசை என்றால் வட்டிக்கடைக்காரர், அரசியல்வாதி, வரதட்சணை மாமியார் என்று மூன்று பேருக்குள் முடிந்துவிடுகிறது. மாப்பசான் 1884இல் எழுதிய 'நெக்லஸ்' கதையில் வில்லன் யார்? ஒரு குமாஸ்தாவின் மனைவி. ஒரு ராத்திரி விருந்தில் பணக்காரியாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். கணவன் துப்பாக்கி வாங்கச் சேர்த்த 400 பிராங்க் அவள் கவுனுக்குப் போகிறது. இரவல் நெக்லஸ் தொலைந்து, புதிதாக வாங்க 36,000 பிராங்க். அதில் பாதி அவன் அப்பா விட்டுப்போன சொத்து, மீதி கடன். அடைக்கப் பத்து வருஷம். தொலைந்தது போலி, ஐந்நூறுகூடப் பெறாது என்ற முடிவை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பத்து வருஷம்தான் முக்கியம். காய்கறிக்காரனிடம் காசு காசாகப் பேரம் பேசிப் பேசி அவள் குரலும் கையும் முரடாகின்றன. ஆசையில் தொடங்கியவளைக் கடன் வேறொரு பெண்ணாக்கி விடுகிறது, அந்தப் பெண் முந்தையவளைவிட மோசம் என்றும் சொல்ல முடியாது. பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கின் கிழவர் கோரியோ, மகள்களுக்குப் பணம் கொடுத்துக் கொடுத்து, விடுதியில் வாடகை குறைந்த மேல்மாடிகளுக்கு ஒவ்வொன்றாக ஏறிப்போவதும் அப்படித்தான். அவர் பாசத்தை அவர் வசிக்கும் மாடியை வைத்தே சொல்லிவிடலாம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வாரத் தவணைக் குழுக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருப் பெண்கள் சேர்ந்து குழு. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்த கடன் யாருக்கும் கிடையாது. வசூலுக்கு வருகிற பையன் கூட்டம் நடக்கும் வீட்டில் உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். கட்டாதவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவது, நேற்று வரை அவளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். சில சமயம் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். "புருஷனுக்கு மட்டும் சட்டை எடுக்கக் காசு இருக்கா?" என்று கேட்பவளும், உள்ளே விளக்கை அணைத்துவிட்டு இல்லாததுபோல் இருப்பவளும் ஒரே கூலிக்கு வேலை பார்ப்பவர்கள். அடுத்த வாரம் இடம் மாறலாம். கதைகளில் வரும் வட்டிக்கடைக்காரரின் மோதிரக் கை, தொப்பை, தங்கப் பல் எதுவும் இல்லாமல் அந்தக் கடன் ஏற்பாடே ஏழையை ஏழை மேல் ஏவிவிடுகிறது. இதில் யார் நல்லவர் என்று தேடுகிற கதைக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தேடுகிற கதைக்கு ஒரு தெருவே கிடைக்கும்.

ஆகவே என் வேண்டுகோள். அடுத்த முறை ஏழ்மையைப் பற்றிய கதை கையில் வந்தால், கண்ணில் நீர் வந்ததா என்று பார்ப்பதற்கு முன்னால், தொகை வந்ததா என்று பாருங்கள். எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி, எந்தத் தேதி. எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எழுதியவருக்கு அது தெரிந்திருப்பது வரிகளில் தெரியும். ஏழைப் பாத்திரம் ஒரு இடத்திலாவது பொய் சொல்கிறதா, பொறாமைப்படுகிறதா, கணக்கைத் தனக்குச் சாதகமாகத் திருப்புகிறதா என்றும் பாருங்கள். போட்டி அறிவிப்பில் 'மனிதநேயம் மிளிரும் கதைகள் வரவேற்கப்படுகின்றன' என்ற வரி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அதைப் படித்ததும் இளம் எழுத்தாளர்கள் தங்கள் தெருவில் பார்த்ததை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, இதைக் கேட்காமல் விட்டால் இந்த மடலுக்கே அர்த்தம் இல்லை. பரிசு பெறாமல் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்படும் கதைகளுக்குச் சன்மானம் கிடையாது, ஒரு பிரதி அனுப்பப்படும் என்று அறிவிப்பின் அடியில் சின்ன எழுத்தில் போடுகிற வழக்கம் இருக்கிறது. அமைப்பாளர்களிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். கதைக்கு ஐந்நூறோ ஆயிரமோ, முடிந்ததைக் கொடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள் கொடுப்பார்கள் என்பதையும் அறிவிப்பிலேயே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகைக்கடன் எழுத்தர் ஒருவர்